தோளில் தட்டினால்தான் அணையும்

என் கணவரை அவருடைய கம்பெனியில் சிமிட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யார் அது என்று முழிப்பார்கள். சிமிட்டி என்றால், "ஓ, லிஃப்ட் ரிப்பேர்காரரா, இப்பத்தான் பைக்ல போனாரு, எந்தப் பக்கம் போனாருன்னு மட்டும் எங்களைக் கேக்காதீங்க" என்பார்கள்.

அவர் பைக்கின் இண்டிகேட்டர் எப்போது பார்த்தாலும் கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். திரும்புவதற்கு முன்னால் போடுவார். அதில் குறை சொல்ல முடியாது, வேண்டிய தூரத்துக்கு முன்பே ஒழுங்காகப் போடுவார். திரும்பி முடித்ததும் அணைக்க மாட்டார். இடது பக்கம் திரும்பப் போகிறேன், திரும்பப் போகிறேன் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டே நேராகப் போய்க்கொண்டிருப்பார். குடி கிடையாது, சிகரெட் கிடையாது, வீண் பேச்சு கிடையாது. இந்த ஒன்றை வைத்துக்கொண்டே என் உயிரை வாங்கினார்.

கல்யாணமான புதிதில் நான் பின்னால் உட்கார்ந்து போகும்போது ஒரு கார்க்காரர் ஜன்னலை இறக்கி, "லைட்டைப் பாருங்கம்மா" என்றார். எனக்கு மானம் போய்விட்டது. வலது தோளில் ஒரு தட்டு தட்டினேன். "என்னம்மா?" என்றார். "லைட்டு" என்றேன். கட்டைவிரலால் பட்டனை அமுக்கினார். அன்றைக்குப் பிடித்தது சனி. அதற்குப் பிறகு ஒவ்வொரு திருப்பம் முடிந்ததும் நான் தட்ட வேண்டும், அவர் அணைக்க வேண்டும். வார்த்தையே தேவையில்லை. ஃபோனில் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாலும் என் கை தானாகப் போய்த் தட்டும். ஒரு நாள் பஸ்ஸில் போகும்போது, பஸ் திரும்பியதும் முன் சீட்டில் இருந்தவர் தோளில் தட்டிவிட்டேன். அந்த மனுஷர் திரும்பிப் பார்த்த பார்வையை என்னவென்று சொல்ல.

நான் ஒரு பல் மருத்துவர் கிளினிக்கில் முன் மேசையில் இருக்கிறேன். "உக்காருங்க, கூப்பிடுவாங்க" என்று நாள் முழுக்கச் சொல்வதுதான் என் வேலை. ஒரு தடவை சொன்னால் கேட்டுக்கொள்பவர்கள் உலகத்தில் எவ்வளவோ பேர் இருக்கிறார்கள். எனக்கு வாய்த்தவர் அப்படி இல்லை.

கேட்டால் வியாக்கியானம் பண்ணுவார்.

"லிஃப்ட்ல நாலாவது மாடி பட்டனை அமுக்குறோம். லைட்டு எரியுது. லிஃப்ட் நாலாவது மாடிக்குப் போய் நிக்குது. லைட்டு தானா அணையுது. யாராவது கை வெச்சு அணைக்கிறாங்களா?"

"இது லிஃப்டா?"

"கார்லகூட ஸ்டியரிங் நேரானதும் தானா அணைஞ்சிடும். சொன்ன காரியம் முடிஞ்சா விளக்கு தானா அணையணும்மா. பைக் செஞ்சவன் அரைகுறையா விட்டுட்டான், அதுக்கு நான் என்ன பண்றது?"

"பைக் செஞ்சவன் உங்க கைல கட்டைவிரல் இருக்கும்னு நம்பிட்டான், பாவம்" என்பேன். சிரிப்பார். அடுத்த திருப்பத்தில் மறுபடியும் சிமிட்டும்.

லிஃப்ட் என்றால் மட்டும் இதே மனுஷர் வேறு ஆள். எந்தக் கட்டடத்தில் எந்தக் கதவு எப்போது மக்கர் பண்ணும் என்று கையால் தொட்டே சொல்வார். லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால் கம்பெனி முதலில் இவரைத்தான் அனுப்பும். மேலே போய் மோட்டார் அறையில் பிரேக்கை மெதுவாகத் தளர்த்தி லிஃப்டைத் தளத்துக்கு நேராகக் கொண்டுவரும் வேலையை மற்றவர்களும் செய்வார்கள். அதற்கு முன்னால் மாட்டிக்கொண்டவர்களோடு பேச வேண்டும். அது இவருக்குத்தான் வரும். ஒரு தடவை எங்கள் கிளினிக் இருக்கும் கட்டடத்திலேயே ஒரு அம்மா மாட்டிக்கொண்டு அலறினார். இவர் வந்தார், கதவு இடுக்கில் வாயை வைத்தார். "அம்மா, தரையில உக்காருங்க. கதவைத் தள்ளாதீங்க. நான் வெளியிலதான் இருக்கேன், எங்கேயும் போகமாட்டேன்" என்றார். அவ்வளவுதான். அலறல் அடங்கிவிட்டது. வெளியே வந்த அந்த அம்மா இவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கீழே வந்து பார்த்தால் பைக்கில் சாவி இருக்கிறது, இண்டிகேட்டர் சிமிட்டிக்கொண்டிருக்கிறது.

போன மழைக்காலத்தில் விழுந்தார். அவசர அழைப்பு, தனியாகப் போயிருக்கிறார். முந்தைய திருப்பத்தில் போட்ட இடது விளக்கு அப்படியே இருந்திருக்கிறது. கொஞ்ச தூரத்தில் இடது பக்கம் ஒரு சின்னத் தெரு. அங்கே காத்திருந்த காய்கறி வேன்காரர், இவர் அந்தத் தெருவுக்குள்தான் வரப் போகிறார் என்று நம்பி வண்டியை வெளியே எடுத்துவிட்டார். இவர் பிரேக் பிடித்து, வழுக்கி, வேன் சக்கரத்துக்குப் பக்கத்தில் போய்க் கிடந்திருக்கிறார். மணிக்கட்டில் எலும்பு விரிசல், முழங்காலில் தோல் இல்லை. வேன்காரர் மருத்துவமனை வரைக்கும் வந்தார். "அவரு லைட்டு போட்டாரும்மா, சத்தியமா போட்டாரு" என்று என்னிடம் அழாத குறையாகச் சொன்னார். எனக்குத் தெரியாதா. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் அந்த வேன்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

கட்டுப் பிரித்து வேலைக்குப் போன அன்றே கம்பெனியில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். பாதுகாப்பு அதிகாரி என்று ஒரு அம்மா புதிதாக வந்திருந்தார். பைக்கில் போகும் எல்லா மெக்கானிக்கையும் காரில் பின்தொடர்ந்து போய்ப் பார்க்கப் போகிறார். பாஸ் ஆனவர்கள் அழைப்புக்குப் போகலாம். ஆகாதவர்கள் ஸ்டோர் ரூம். சம்பளம் குறையாது, ஆனால் அடுத்த வருஷச் சோதனை வரைக்கும் லிஃப்டைத் தொட முடியாது.

"ஸ்டோர்ல என்ன வேலை?" என்று கேட்டேன்.

"கேக்குறவங்களுக்குக் கதவு ரோலரும் பல்பும் எடுத்துக் கொடுக்கணும்."

தட்டில் இருந்ததைச் சாப்பிடாமல் எழுந்துவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் சாப்பாட்டை மிச்சம் வைத்து நான் பார்த்ததில்லை. அப்போதுதான் எனக்கும் பயம் வந்தது.

என் தம்பி கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளியில் வேலை செய்கிறான். அவனை வரச் சொன்னேன். வந்தவன் மாமா ஓட்டுவதைப் பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்து என்னைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, நீ தட்டுறதாலதான் மாமா கத்துக்கல."

"ஓகோ. விழுந்தது அவரு, பழி எனக்கா?"

"பழி சொல்லலக்கா. நீ இருக்கேன்னு அவரு மூளை லீவு போட்டிருச்சு. தட்டுறத நிறுத்து. தானா வரும்."

"தானா வரும், தானா அணையும். நல்லா வந்து சேர்ந்தீங்கடா மாமனும் மச்சானும்."

இருந்தாலும் நிறுத்திப் பார்த்தேன். மறுநாள் காலை கிளினிக்குக்குப் போகும்போது இரண்டு கைகளையும் கைப்பைக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் திருப்பம். விளக்கு சிமிட்டுகிறது. பல்லைக் கடித்துக்கொண்டேன். பேக்கரி தாண்டியது, வங்கி தாண்டியது, சிமிட்டுகிறது. பக்கத்தில் வந்த ஸ்கூட்டர்க்காரி என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். நானும் அவளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். பெட்ரோல் பங்க் பக்கம் ஒரு லாரி மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. டிரைவர் இந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். கியர் போடுவது எனக்குத் தெரிந்தது. தம்பியாவது, பாடமாவது. தோள்பட்டை எலும்பு தெறிக்கிற மாதிரி அடித்தேன்.

அணைத்துவிட்டு, "ஏம்மா இவ்வளவு வேகமா தட்டுற? வலிக்குதுல்ல?" என்றார்.

நடுரோட்டில் இறங்கி ஓவென்று அழுதிருப்பேன். கிளினிக்குக்கு நேரமாகிவிட்டதே என்று பேசாமல் இருந்தேன்.

பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். பழைய லிஃப்ட் ஒன்றைக் கழற்றியபோது எடுத்து வைத்திருந்த மணியை, தளம் வந்ததும் டிங் என்று அடிக்குமே அதை, இண்டிகேட்டர் வயரோடு இணைத்துவிட்டார். விளக்கு சிமிட்டும் போதெல்லாம் டிங், டிங், டிங். விளக்கை மறந்தாலும் காது மறக்காது என்றார். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. சந்தோஷமாக அனுப்பி வைத்தேன். அன்று மாலை தெருமுனையில் டிங் டிங் சத்தம் கேட்டது. எதிர்வீட்டு டெய்லர் தலையை நீட்டி, "லிஃப்ட் வருது, எல்லாரும் ஏறிக்குங்க" என்றார். தெருவே சிரித்தது. இவர் டிங் டிங் என்று வாசல் வரைக்கும் வந்து, வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, "பாத்தியா, இன்னைக்கு ஒரு இடத்துலகூட மறக்கல" என்றார். டிங் என்றது பைக்.

காலையிலிருந்து மாலை வரை அந்த மணிச் சத்தத்துக்குள்ளேயே வேலை செய்கிறவர் காதில் அது எங்கே விழும்? எங்கள் கிளினிக்கில் பல்லைக் குடையும் மெஷின் சத்தம் எனக்குக் கேட்பதே இல்லை. அந்த மாதிரிதான். உலகத்தில் வேறு எந்தச் சத்தத்தை வைத்திருந்தாலும் பலித்திருக்கும். இவர் பார்த்துப் பார்த்துத் தன் காதுக்கு மட்டும் கேட்காத ஒன்றை வைத்திருக்கிறார். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. வயரைப் பிடுங்கி எறிந்தேன்.

அதற்குப் பிறகு சோதனை நாள் வரைக்கும் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். முந்தின நாள் சாயங்காலம் ஷூவைத் துடைத்துக்கொண்டே அவராகப் பேசினார்.

"நான் மறந்தெல்லாம் போறதில்லம்மா. எப்ப முடிஞ்சுதுன்னு எனக்குத் தெரியறதில்ல. நீ தட்டினாத்தான் திருப்பம் முடிஞ்ச மாதிரி இருக்கு."

"நாளைக்கு நான் எங்க இருந்து தட்டுறது? அந்த மேடம் காருக்குள்ள இருந்தா?"

அவர் ஷூவையே துடைத்துக்கொண்டிருந்தார்.

கிளினிக்கில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு நான் கம்பெனி கேட்டுக்கு வெளியே போய் நின்றேன். வெயில். காவலாளி நாற்காலி கொடுத்தார், உட்கார முடியவில்லை. கடைசியில் தெருமுனையில் இவர் பைக் தெரிந்தது, பின்னால் அதிகாரியின் கார். விளக்கு சிமிட்டத் திரும்பினார். என் கண் அந்த விளக்கிலேயே இருந்தது. திரும்பி முடித்தார். விளக்கு அணைந்தது. நான் தட்டாமல், பக்கத்தில்கூட இல்லாமல், அணைந்தது. என் கண்ணையே என்னால் நம்ப முடியவில்லை. காவலாளியிடம், "அணைச்சிட்டாரு, பாத்தீங்களா" என்றேன். அவர் எதைச் சொல்கிறேன் என்று புரியாமல் தலையை ஆட்டினார்.

இவர் வண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "எல்லாத் திருப்பத்துலயும்மா" என்றார். "ஒண்ணுகூட விடல."

அந்த அதிகாரி அம்மா காரிலிருந்து இறங்கி வந்தார். மெதுவாகப் பேசுகிறவர். கத்தினால்கூடப் பதிலுக்குக் கத்தலாம், அதற்கும் வழி இல்லை.

"சார், இண்டிகேட்டர் எல்லாம் சரியா இருந்துச்சு. அதுல எனக்கு எந்தக் குறையும் இல்ல. ஆனா ஒவ்வொரு தடவையும் திரும்பினதும் இடது கையை ஹேண்டில்ல இருந்து எடுத்து வலது தோள்ல என்னமோ பண்றீங்களே, அது என்ன சார்?"

நான் இவர் சட்டையைப் பார்த்தேன். வலது தோளில் கிரீஸ் விரல்கள் பதிந்திருந்தன.

"பூச்சி ஏதாவது கடிச்சுதா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"இல்ல மேடம்" என்றார் இவர். "தட்டிக்கிட்டேன்."

"தட்டிக்கிட்டீங்களா?"

"வீட்டுல தட்டுவாங்க. அவங்க இல்லல்ல, அதான் நானே தட்டிக்கிட்டேன். தட்டினா அணைக்க ஞாபகம் வந்துடுது."

அதிகாரி அம்மா என்னைப் பார்த்தார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"சார், வளைவுல கிளட்ச்சை விட்டுட்டு ஒரு கையால ஓட்டறீங்க. ஒவ்வொரு வளைவுலயும். விளக்கை அணைக்காம போறதவிட இது ஆபத்து. நான் எப்படி சார் பாஸ் போடறது?"

நான் சண்டை போட்டேன். வாய்க்கு வந்ததை எல்லாம் சொன்னேன். விளக்கு அணைக்கவில்லை என்றுதானே சோதனை, அணைத்துவிட்டாரே, பிறகென்ன என்று கேட்டேன். மாட்டிக்கொண்டவர்களோடு பேச இவரை விட்டால் உங்களிடம் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். அந்த அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "அவரு விழாம வீட்டுக்கு வரணும்னுதான் நீங்களும் நினைக்கிறீங்க" என்றார். சரியான பதில். அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. இவர் என் கையைப் பிடித்து, "விடும்மா, மேடம் சொல்றது சரிதான்" என்றார். சரி என்று எனக்கும் தெரியும். அதை இவர் வாயால் வேறு கேட்க வேண்டுமா?

இப்போது ஸ்டோரில் இருக்கிறார். குறை ஒன்றும் சொல்வதில்லை. ரோலர்களை அளவு வாரியாகப் பிரித்து வைத்துவிட்டேன் என்பார், பல்புப் பெட்டிகளுக்குப் புது அலமாரி வந்திருக்கிறது என்பார். அழைப்பு வரும் ஃபோன் அடித்தால் எழுந்து நின்றுவிடுகிறாராம், பிறகு உட்கார்ந்துகொள்கிறாராம். இதை அவர் சொல்லவில்லை, அவர் இடத்தில் போகிற மெக்கானிக் சொன்னான். போன வாரம் ஒரு அம்மா லிஃப்டுக்குள்ளிருந்து, "பேசிக்கிட்டே இருப்பாரே, அவரு வரலையா?" என்று கேட்டாராம். அதையும் அவன் இவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறான், அறிவுகெட்டவன். அன்று இவர் வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்துவிட்டுக் கையைக் கழுவாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தார். நான் போய்க் குழாயை மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குக் கிளம்பினோம். எனக்கு அவரோடு பேசவே பிடிக்கவில்லை. இத்தனை வருஷம் கட்டைவிரலை அசைக்கச் சொன்னேன், அதைத் தவிர எல்லாவற்றையும் செய்தார். பின்னால் உட்கார்ந்தபோதே மனசுக்குள் திட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். பேக்கரிக்கு முன்னால் விளக்கைப் போட்டார். திரும்பினார். திருப்பம் முடிந்தது. என் கை வழக்கம்போலத் தானாக எழுந்து அவர் வலது தோளுக்குப் போனது.

அங்கே ஏற்கெனவே ஒரு கை இருந்தது. அவருடைய இடது கை. நான் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன் என்பதைக்கூட மறந்து தன்னையே தட்டிக்கொண்டிருந்தார். என் விரல் அவர் விரல்மேல் பட்டது. அவர் கையை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. வண்டி ஒரு கையில் போய்க்கொண்டிருந்தது. விளக்கு அதுபாட்டுக்குச் சிமிட்டிக்கொண்டிருந்தது, பின்னால் ஒரு கார்க்காரர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தார்.

திட்ட வேண்டும் என்று நினைத்து வைத்திருந்ததில் ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. அவர் கையைப் பிடித்து ஹேண்டில்பார் பக்கம் தள்ளினேன்.

"கையை அங்க வைங்க" என்றேன். "நான் பின்னாடிதான் இருக்கேன். எங்கேயும் போகமாட்டேன்."

அவர் கையை ஹேண்டிலில் வைத்துக் காத்திருந்தார். நான் தட்டினேன். கட்டைவிரல் பட்டனை அமுக்கும் சத்தம் கேட்டது.